நம் வீட்டு வழிபாட்டுக்கு எந்த நூல் ஆதாரம்?

தம்பி, நீங்கள் கேட்டவற்றை முதலில் என் சொல்லில் எடுத்து வைத்துக்கொள்கிறேன். சிங்கப்பூரில் உங்களோடு வேலை பார்க்கும் ஒருவர், "உங்கள் மதத்தின் புனித நூல் எது?" என்று கேட்டிருக்கிறார். கீதை என்று சொல்லிவிட்டு வந்தீர்கள். பிறகு யோசித்துப் பார்த்தால், செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் உள்ள உங்கள் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டில் யாரும் கீதை படித்ததாக உங்களுக்கு நினைவில்லை. முன்னோருக்கு இலை போட்டுக் கும்பிடும் படைப்பு தெரியும், பிள்ளையார் நோன்பு தெரியும், பழனிக் காவடி தெரியும். இதெல்லாம் எந்த நூலில் இருக்கிறது? நமக்குக் கடவுள் ஒருவரா, பலரா? இறந்தவர் மறுபிறவி எடுத்துவிட்டால் படைப்பு யாருக்குப் போகிறது? கறியும் மீனும் சாப்பிடுகிற நாம் சைவர் என்று சொல்லிக்கொள்ளலாமா?

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுக்கு மிக நெருங்கிய நூல், தமிழ்ச் சைவப் பாடல்களின் தொகுப்பான பன்னிரு திருமுறை. கோயிலில் நீங்கள் பார்ப்பதை நடத்துவது ஆகமம். இரண்டும் வேதத்தை மூலமாக ஏற்றுக்கொண்டவை. இவற்றில் எதிலும் எழுதாத வழக்கங்களை வீட்டுப் பெண்களிடம் கேட்டுத் தெரிந்துகொள் என்று தர்ம நூலே சொல்லியிருக்கிறது. அதனால் உங்கள் ஆயாவும் அப்பத்தாவும் சொன்னதை "வெறும் பழக்கம்" என்று தள்ள வேண்டியதில்லை.

கீதை என்று நீங்கள் சொன்னது தவறு என்று நினைக்க வேண்டாம். மகாபாரதத்தின் பீஷ்ம பருவத்தில் 18 அத்தியாயம், 700 சுலோகமாக அமைந்த நூல் அது. சங்கரர், இராமானுசர், மத்துவர் மூவரும் அதற்கு உரை செய்தார்கள். ஆனால் "இந்துக்களின் ஒரே நூல்" என்கிற இடம் அதற்குக் கிடைத்தது பிற்காலத்தில்தான். 1785-ல் சார்லஸ் வில்கின்ஸ் அதை ஆங்கிலத்தில் வெளியிட்டார். தங்களிடம் பைபிள் இருப்பதுபோல் இங்கும் ஒரு நூல் இருக்கும் என்று தேடிய ஐரோப்பியருக்கு அது கைக்கு வாகாக அமைந்தது. பிறகு விடுதலைப் போராட்டக் காலத்தில் திலகரும் காந்தியும் அதற்கு விளக்கம் எழுதினார்கள். பாரதியார் தமிழில் தந்தார். தமிழ்நாட்டுச் சைவக் குடும்பங்களில் அது அன்றாடம் ஓதும் நூலாக இருந்ததில்லை. உங்கள் வீட்டில் அது இல்லாமல் போனது குறையல்ல.

வேதத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். இருக்கு, யசுர், சாமம், அதர்வணம் என நான்கு. இருக்கு வேதத்தில் மட்டும் 10 மண்டலங்கள், 1,028 சூக்தங்கள். ஏட்டில் எழுதி வைக்காமல் வாய்மொழியாகவே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் காப்பாற்றி வந்தார்கள். வேதத்தின் கடைசிப் பகுதியான உபநிடதங்களில்தான் ஆன்மா, பிரம்மம், வினை, மறுபிறப்பு என்ற பேச்செல்லாம் தெளிவாக வருகிறது. யசுர் வேதத்தின் தைத்திரீய சங்கிதையில் ஸ்ரீருத்ரம் இருக்கிறது. கோயிலில் அபிஷேகத்தின்போது குருக்கள் சொல்வது அதைத்தான். அதன் எட்டாம் அனுவாகத்தில் (பகுதியில்) "நம: சிவாய" வருகிறது. திருஞானசம்பந்தர் இதைக் கையில் எடுத்துக்கொண்டு, "வேதம் நான்கினும் மெய்ப்பொருள் ஆவது நாதன் நாமம் நமச்சிவாயவே" என்று பாடிவிட்டார். வேதம் முழுதும் படிக்க வாய்க்காத ஒரு வணிகன் வீட்டுப் பிள்ளைக்கும் அதன் சாரம் ஐந்தெழுத்தாகக் கைக்கு வந்துவிட்டது.

இனி ஆகமம். இதைப் பற்றித்தான் நம்மவர்களுக்கே அதிகம் தெரிவதில்லை. சிவாகமங்கள் 28. காமிகம், காரணம் என்பவை அவற்றில் அதிகம் வழக்கில் உள்ளவை. "வேதமொடு ஆகமம் மெய்யாம் இறைவன் நூல், ஓதும் பொதுவும் சிறப்பும் என்று உள்ளன" என்கிறது திருமந்திரம். வேதம் பொது, ஆகமம் சிறப்பு. இளையாற்றங்குடி, மாற்றூர், வைரவன்கோயில், இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி என்று நம் ஒன்பது நகரக் கோயில்களில் உங்களுடையது எதுவானாலும், கொடிமரம் எங்கே, பலிபீடம் எங்கே, நந்தி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், எந்த நேரத்தில் எந்தப் பூசை என்பதெல்லாம் ஆகமம் வகுத்தது. கீதையிலோ உபநிடதத்திலோ தேடினால் இவை கிடைக்காது.

"நீங்கள் கல்லைக் கும்பிடுகிறவர்கள்தானே" என்று உங்களிடம் யாராவது கேட்கக்கூடும். அப்போது பாலாலயத்தைப் பற்றிச் சொல்லுங்கள். கோயிலில் திருப்பணி தொடங்கும் முன், கருவறை மூர்த்தியின் ஆற்றலை மந்திரத்தால் கும்பத்து நீரில் ஏற்றி, அதை அத்திமரப் பலகையில் எழுதிய உருவத்துக்கு மாற்றிவிடுவார்கள். திருப்பணி முடியும்வரை பூசையெல்லாம் அந்தப் பலகைக்குத்தான். அத்தனை தலைமுறை விழுந்து கும்பிட்ட கல் அதே இடத்தில் இருக்கும். அதற்குப் பூவும் இல்லை, விளக்கும் இல்லை. சாரங்கட்டி வேலை பார்க்கிற கொத்தனார் பக்கத்திலேயே உட்கார்ந்து சுண்ணாம்பு பூசுவார். திருப்பணி முடிந்ததும் யாகசாலை அமைத்து, குடமுழுக்கன்று கும்பநீரால் ஆற்றலைத் திரும்பவும் மூர்த்தியில் சேர்ப்பார்கள். கல்தான் கடவுள் என்று நம்புகிறவன் இப்படிச் செய்வானா? கடவுள் எங்கும் இருப்பவன். நாம் கும்பிட வசதியாக ஓரிடத்தில் எழுந்தருளும்படி வேண்டுகிறோம். ஆகமத்தின் நிலை இதுதான்.

இன்னும் ஒரு படி மேலே போக வேண்டுமானால் ஆவுடையார்கோயிலுக்குப் போய்வாருங்கள். நம் ஊர்ப் பக்கத்திலிருந்து அறந்தாங்கி வழியாகப் போனால் வெகுதூரமில்லை. மாணிக்கவாசகர் ஆட்கொள்ளப்பட்ட திருப்பெருந்துறை அது. அங்கே கருவறையில் ஆவுடை (லிங்கத்தின் பீடம்) மட்டும் உண்டு, மேலே லிங்கம் கிடையாது. நிவேதனம் புழுங்கலரிசிச் சோறு. வடித்துக் கொட்டிய சோற்றிலிருந்து எழும் ஆவியையே இறைவனுக்குப் படைக்கிறார்கள். உருவத்தோடு வணங்கும் பிள்ளையார்பட்டியும், உருவமே இல்லாத ஆவுடையார்கோயிலும் ஒரே சைவத்துக்குள் இருக்கின்றன. எனக்கு நம் சமயத்தின் மேல் உள்ள பெருமைக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அடுத்தது திருமுறை. ஊருக்கு வந்தால் சிவன் கோயிலில் தீபாராதனை முடிந்ததும் கிளம்பிவிடாமல் கொஞ்சம் நில்லுங்கள். குருக்களின் மந்திரம் நின்ற பிறகு ஓதுவார் "திருச்சிற்றம்பலம்" என்று தொடங்குவார். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்று ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பாட்டு. இதற்குப் பஞ்சபுராணம் என்று பெயர். மறுபடி "திருச்சிற்றம்பலம்" சொல்லி முடிப்பார். திருநீறு கொடுப்பது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். வடமொழி வேதமும் தமிழ் வேதமும் ஒரே பூசையில் அடுத்தடுத்து நிற்பதை உங்கள் காதாலேயே கேட்கலாம்.

சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரின் தேவாரம் முதல் ஏழு திருமுறை. மாணிக்கவாசகரின் திருவாசகமும் திருக்கோவையாரும் எட்டாவது. திருமந்திரம் பத்தாவது. சேக்கிழாரின் பெரியபுராணம் பன்னிரண்டாவது. முதல் பதினொன்றையும் தொகுத்தவர் நம்பியாண்டார் நம்பி. பெரியபுராணம் பிறகு சேர்ந்தது. தில்லையில் ஒரு அறைக்குள் கிடந்த ஏடுகளைச் சோழ மன்னன் வெளியே எடுத்தபோது பெரும்பகுதி செல்லரித்துப் போயிருந்தது என்பது மரபு. மூவரும் நம் பக்கத்து ஊர்களைப் பாடியிருக்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். திருப்பத்தூர், காளையார்கோயில், பிரான்மலை மூன்றும் பாடல் பெற்ற தலங்கள். ஆண்டுக்கு ஒருமுறை காரில் கடந்துபோகிற ஊர்களுக்கு ஆயிரத்து சொச்சம் ஆண்டுப் பாட்டு இருக்கிறது.

பதினோராம் திருமுறையில் வணிகர் இருவர் வருகிறார்கள். காரைக்கால் அம்மையார் வணிகர் குலத்துப் பெண். பட்டினத்தார் காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகர். நகரத்தாரும் தங்கள் மூதாதையர் அந்தப் பட்டினத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்வதால், அவரை நம் வீட்டு ஆளாகவே நினைப்பது வழக்கம். "காதற்ற ஊசியும் வாராது காண் கடைவழிக்கே" என்று அவர் பெயரில் வழங்கும் சொல் செட்டிநாட்டில் பழமொழியாகவே ஆகிவிட்டது. நம்மவர்கள் கொண்டுவிற்கப் போன இடமெல்லாம் லாபத்தில் ஒரு பங்கை மகமை என்று ஒதுக்கிக் கோயிலுக்கு வைத்தார்கள். சிங்கப்பூர் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் 1859-ல் எழுந்ததும், காசி விசுவநாதருக்கு நகரச் சத்திரத்திலிருந்து "சம்போ, சம்போ" என்று குரல் கொடுத்தபடி பூசைப் பொருள் நாள்தோறும் போவதும் இந்த எண்ணத்தில்தான். சேர்த்ததை இறைவனுக்குரியது என்று நினைக்கத் தெரிந்த வணிகச் சமூகம் இது. நீங்கள் தினம் வேலைக்குப் போகிற ஊரிலேயே அதற்குச் சான்று நிற்கிறது.

நம்பிக்கைகளின் நடுப்புள்ளி என்ன என்று கேட்டீர்கள். சைவ சித்தாந்தம் மூன்று சொல்லில் சொல்லும்: பதி, பசு, பாசம். பதி இறைவன். பசு உயிர். பாசம் உயிரைக் கட்டியிருக்கும் கட்டு. ஆணவம், கன்மம், மாயை என்று மூன்று. பதி, பசு, பாசம் மூன்றுமே தொடக்கம் இல்லாதவை. இறைவன் உயிரைப் படைக்கவில்லை. எப்போதும் உள்ள உயிருக்கு, அதன் இருள் நீங்குவதற்காக உடம்பையும் உலகத்தையும் தருகிறான். பிறவி தண்டனை அல்ல, மருந்து. செய்த வினையை அனுபவித்துக் கழிக்கக் கொடுத்த வாய்ப்பு. "புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி" என்று தொடங்கி, "எல்லாப் பிறப்பும் பிறந்து இளைத்தேன் எம்பெருமான்" என்று மாணிக்கவாசகர் மூச்சு வாங்குகிற இடம் சிவபுராணத்தில் வருகிறது. கன்மக் கொள்கை முழுவதையும் உணர்ச்சியாக மாற்றிக் கொடுத்த வரிகள் அவை. இதையே தருக்கமாகச் சொன்னவர் 13-ம் நூற்றாண்டின் மெய்கண்டார். அவர் செய்த சிவஞானபோதம் 12 சூத்திரம், மொத்தம் 40 வரிதான்.

இதற்கு மாறான கருத்தும் நம் ஊரிலேயே தழைத்தது. காரைக்குடிக்குப் பக்கத்தில் கோவிலூர் மடம் இருக்கிறது. உயிரும் பிரம்மமும் ஒன்றே, அறியாமை விலகினால் போதும் என்ற வேதாந்தத்தை, கைவல்ய நவநீதம் போன்ற தமிழ் நூல்களைக் கொண்டு தலைமுறை தலைமுறையாக அங்கே பாடம் சொன்னார்கள். வடமொழி படிக்க வழியில்லாதவர்கள் உபநிடதக் கருத்தைத் தமிழிலேயே கற்க முடிந்தது. குன்றக்குடியிலோ சித்தாந்த மரபு. குன்றக்குடி அடிகளார் அதை மேடைதோறும் எளிய தமிழில் கொண்டுசேர்த்தார். முத்தியிலும் உயிர் உயிராக இருந்து இறைவனின் இன்பத்தைத் துய்க்கும் என்பது சித்தாந்தம். இரண்டு என்பதே கிடையாது என்பது வேதாந்தம். இது சின்ன வேறுபாடு அல்ல, நூற்றாண்டுக்கணக்கில் வாதம் நடந்த இடம். ஆனாலும் ஒரே குடும்பம் இரண்டு மடத்துக்கும் போய் விழுந்து கும்பிட்டு வந்திருக்கிறது. நான் சித்தாந்தத்தின் பக்கம். அன்பு செலுத்த இருவர் வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரு கடவுளா பலரா என்பதற்கு, "உள்ளது ஒன்றே, அறிஞர் அதைப் பலவாகச் சொல்வர்" என்று இருக்கு வேதத்தின் முதல் மண்டலமும், "ஒன்றே குலமும் ஒருவனே தேவனும்" என்று திருமந்திரமும் விடை சொல்லிவிட்டன. அந்த ஒருவனைச் சிவன் என்று நாம் சொல்கிறோம். திருக்கோட்டியூர்க்காரர் நாராயணன் என்பார். இராமானுசர் கோபுரத்தில் ஏறி, குரு ரகசியமாகச் சொன்ன மந்திரத்தை ஊரே கேட்கச் சொன்னதாக வைணவர் போற்றும் தலம் அது, திருப்பத்தூருக்குப் பக்கத்தில்தான். அரியக்குடிப் பெருமாளுக்குத் திருநீறு பூசியவர்கள் வந்து வணங்குவதை எந்தச் சனிக்கிழமையும் பார்க்கலாம். ஊர் எல்லையில் ஐயனாரும் கருப்பரும் இருக்கிறார்கள். வேளார் செய்த மண்குதிரையைத் தோளில் சுமந்து புரவி எடுப்பு நடத்துகிற ஊராரிடம் போய் ஆகம ஆதாரம் கேட்கக் கூடாது. அவர்களுக்கு வாக்குதான் ஆதாரம்: மழை பெய்தது, பிள்ளை பிழைத்தது, நேர்ந்த குதிரையைக் கொடுத்தாக வேண்டும். அந்த நாணயத்தை நான் எந்தச் சாத்திரத்துக்கும் குறைத்து மதிக்க மாட்டேன்.

இனிப் பிள்ளையார் நோன்பு. திருக்கார்த்திகையிலிருந்து நாளுக்கு ஒரு நூலாகப் புது வேட்டியிலிருந்து எடுத்து வைத்து, 21-ம் நாள், சஷ்டியும் சதயமும் கூடும்போது அத்தனை நூலையும் சேர்த்துத் திரியாக்குகிறார்கள். வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிசைந்த மாவைப் பிள்ளையாராகப் பிடித்து, அந்தத் திரியைச் செருகி ஏற்றி, ஆவாரம்பூவும் பொரியும் வைத்த பிள்ளையார் முன்னால் வீட்டுப் பெரியவர் கையிலிருந்து சுடரோடு வாங்கி அப்படியே வாயில் போட்டுக்கொள்வதை இழை எடுப்பது என்கிறோம். சின்ன வயதில் உங்களுக்கும் பயமாக இருந்திருக்கும். இது எந்த வேதத்திலும் ஆகமத்திலும் இல்லை. அப்படியானால் இது சமயம் இல்லையா?

இங்கேதான் ஆபஸ்தம்ப தர்மசூத்திரத்தைப் பார்க்க வேண்டும். வேத மரபின் மிகப் பழைய சட்ட நூல்களில் அது ஒன்று. எல்லா விதியும் சொல்லி முடித்துவிட்டுக் கடைசிச் சூத்திரத்தில், "சொல்லாமல் விட்ட மற்ற தர்மங்களைப் பெண்களிடமிருந்தும் எல்லா வருணத்தாரிடமிருந்தும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று சிலர் கூறுவர்" என்று முடிக்கிறது. ஆபஸ்தம்பருடைய வீட்டுச் சடங்கு நூலான கிருகிய சூத்திரமும் திருமணச் சடங்குகளை ஊர்ப் பெண்களிடம் கேட்டுச் செய்யச் சொல்கிறது. நூல் தன் எல்லையைத் தானே ஒப்புக்கொள்கிறது. எத்தனை அரிசி ஊறவைக்க வேண்டும், யார் முதலில் இழை எடுக்க வேண்டும், தீட்டு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஆச்சிமார் சொல்வது வாய்வழி வந்த தர்மம். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஏட்டில் இல்லாததைச் செல்லரிக்கக்கூட வேண்டாம், தானே போய்விடும்.

படைப்பு பற்றிய கேள்விதான் உங்கள் கேள்விகளில் ஆழமானது. பேழையைத் திறந்து, போன ஆண்டு வைத்த சேலையையும் வேட்டியையும் எடுத்துவிட்டுப் புதியது வைத்து, இலை போட்டுப் பரிமாறி, எல்லாரும் விழுந்து கும்பிடுகிறோம். கும்பிடப்படுகிறவர் வேறெங்கோ பிறந்திருந்தால்? வேதத்திலேயே இரண்டு அடுக்கு உண்டு. இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலம் முன்னோரை அழைத்து உணவு தருகிறது. உபநிடதங்கள் பிதிரர் உலகம் போய்த் திரும்பிப் பிறக்கும் வழியைச் சொல்கின்றன. பின்வந்த புராணங்கள் இரண்டையும் இணைத்தன: முன்னோர் தேவராகியிருந்தால் நாம் இட்டது அமுதமாகவும், விலங்காகியிருந்தால் புல்லாகவும் அவரைச் சேரும். இந்த விளக்கம் உங்களுக்கு ஒப்புமோ தெரியவில்லை. எனக்கு வள்ளுவர் வைத்த வரிசை போதும்: தென்புலத்தார், தெய்வம், விருந்து, ஒக்கல், தான். தெய்வத்துக்கும் முன்னால் முன்னோரை வைத்தார். அவர்கள் எங்கே இருந்தாலும், நாம் பட்ட கடன் நம்மிடம்தானே இருக்கிறது.

கடைசியாக அசைவம். திருமந்திரமும் திருக்குறளும் புலால் உண்பதைக் கடுமையாக மறுக்கின்றன. அதை மழுப்பக் கூடாது. அதே மரபுதான், வாயில் சுவைத்துப் பார்த்த பன்றிக் கறியைக் காளத்தியப்பனுக்குப் படைத்த கண்ணப்பரை நாயன்மாராக வைத்திருக்கிறது. "கண்ணப்பன் ஒப்பதோர் அன்பின்மை கண்டபின்" என்று மாணிக்கவாசகரே அவர் முன் தலை குனிகிறார். நடைமுறையில் நம்மவர்கள் கண்ட வழி இது: நோன்பு நாள், காவடி விரதம், சாமி காரியம் என்றால் அசைவம் கிடையாது. ஆண்களுக்குப் பாதரக்குடி, பெண்களுக்குத் துலாவூர் என்று குருமடங்கள் உண்டு. அங்கே உபதேசம் பெற்றுக்கொண்டு நியமங்களோடு வாழ்ந்தவர்கள் இருந்தார்கள். பெண்களுக்கும் தனியாகக் குருமடம் இருந்தது என்பதைக் கவனியுங்கள். ஆக, கறி சாப்பிடுகிறவர் சைவத்துக்கு வெளியே நிற்கவில்லை. ஆனால் விட்டால் நல்லது என்று நூல்கள் சொல்வது உண்மை. விடுவதும் விடாததும் உங்கள் முடிவு.

எதிலிருந்து படிக்கத் தொடங்குவது? சிவபுராணம், 95 வரி. கண்ணால் படிக்காமல் வாய்விட்டுப் படியுங்கள். பொருள் புரியாத இடத்தில் நிற்க வேண்டாம். அது வாயில் ஏறியதும் மார்கழியில் திருவெம்பாவை 20 பாட்டு. அடுத்துப் பெரியபுராணத்தை உரைநடையில் ஒருமுறை. பிறகு கடோபநிடதம்: நசிகேதன் என்ற சிறுவன் எமனிடம் போய், செத்தபின் என்ன ஆகிறது என்று நேருக்கு நேர் கேட்கிற நூல் அது, உங்கள் படைப்புக் கேள்விக்கு அங்கே உறவு உண்டு. கீதையையும் அதற்குப் பின் படியுங்கள், இன்னும் நன்றாகப் புரியும். சிவஞானபோதத்தை மட்டும் தனியாகத் தொட வேண்டாம். 40 வரிதானே என்று உட்கார்ந்தால் முதல் சூத்திரத்திலேயே நின்றுவிடுவீர்கள். ஆசிரியர் ஒருவரிடம் பாடம் கேட்டுத்தான் படிக்க வேண்டும். இப்போது சிங்கப்பூரில் இருந்தபடியே இணையவழியில் சித்தாந்த வகுப்புக் கேட்க வழி இருக்கிறது. சேருவதற்கு முன் ஒரு எழுத்து எழுதுங்கள், எந்த உரையை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்கிறேன்.